மூன்று வோல்ட்

முதல் மோட்டாரைக் கொன்றது நான்தான்.
பார்சல் பிரித்த அரைமணியில்
ஹெலிகாப்டரில் பூட்டி
மொட்டைமாடியில் முழு பேட்டரியைக் கொடுத்தேன்.
நாலடி எழுந்தது.
கருகல் வாடை வந்தது.
சின்டெக்ஸ் தொட்டி மேல் குப்புற விழுந்தது.
துணி உலர்த்திக்கொண்டிருந்த எதிர்வீட்டு தெரசம்மா
"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு
அடுத்த கிளிப்பை எடுத்தாள்.

இது இரண்டாவது.
நானூற்று எண்பது ரூபாய்.
சீட்டுப் பணத்தில் எடுத்தது,
நிரோஷாவுக்கு இன்னும் தெரியாது.

கொருக்குப்பேட்டையில் இரவு பத்தரை.
கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்ஸ்
சிக்னல் கிடைக்காமல் பெருமூச்சு விடுகிறது.
சமையல் மேடையில் டீ கிளாஸ்.
குழாய்த் தண்ணீர் உப்பு, ஆகாது;
கேன் தண்ணீர் முக்கால் கிளாஸ்.
பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு
வெறும் மோட்டாரை
ஒயரோடு உள்ளே இறக்குகிறேன்.
டிவி ரிமோட்டின் வயிற்றைத் திறந்து எடுத்த
இரண்டு பென்சில் செல்.
மூன்று வோல்ட்.
மின்சாரம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படும் அளவு.

சுற்றுகிறது.
கிளாசுக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சுழி.

விஷயம் இவ்வளவுதான்:
புதுக் கரித்துண்டுக்கு முகம் தட்டை.
அது தொடவேண்டிய செம்போ உருளை.
இரண்டும் சந்திப்பது நூலளவு இடத்தில்.
அந்த நூல்வழியே
எல்லா மின்சாரத்தையும் ஒரேயடியாகத் தள்ளினால்
பொறி பறக்கும், செம்பு புண்ணாகும்
(செத்ததைப் பிரித்துப் பார்த்தேன்,
உள்ளே அம்மைத் தழும்பு).
பாரம் ஏற்றாமல், மெதுவாக, விட்டுவைத்தால்
கரி தேய்ந்து தேய்ந்து
செம்பின் வளைவைத் தன் முகத்தில் வாங்கிக்கொள்ளும்.
செம்பு அதிகம் மாறுவதில்லை.
அதையும் கவனித்தேன்.

தண்ணீர் சாம்பலாகிறது.
இந்த நிறம் எனக்குப் பழக்கம்.
வேலைக்குப் போகும் பஸ் எண்ணூர்ப் பாலத்தில் ஏறும்போது
ஜன்னலுக்கு வெளியே இதே சாம்பல்,
ஆறு முழுக்க.
இங்கே ஒரு கிளாஸ்.
இதற்கு மட்டும் நான் பொறுப்பு.

"இன்னாதுய்யா அது, கொசு மெஷினா?"

நிரோஷா எழுந்து வந்துவிட்டாள்,
ஒரு கையில் செத்த ரிமோட்.
வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில்
பன்னிரண்டு மணிநேரம் நின்ற கால்கள்.
கடையில் கொடுத்த புது ஷூ கடித்து
இரண்டு குதிகாலிலும் பேண்டேஜ்.

சொன்னேன். கரி, செம்பு, தட்டை, வளைவு.
மடிப்புக் கலையாத புடவையைப் பார்ப்பதுபோல்
கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கல்யாணமாகி எழுபது நாள்.
வளைவு என்ற சொல்லிலிருந்து
எங்கோ போக நான் வாயைத் திறந்தபோது
"எங்களப்பத்தி எதுனா சேத்து சொன்னே,
கிளாஸ அப்டியே தலைல கவுத்துருவேன்.
நான் கரியும் இல்ல, செம்பும் இல்ல."

சரி.

மோட்டாரை எடுத்து உதறி
ஃபேனுக்குக் கீழே காயவைத்தோம்.
இரண்டு முனையிலும் ஒரு சொட்டுத் தையல்மிஷின் எண்ணெய்.
மறுபடி அதே செல், இம்முறை காற்றில்.
அவள் தரையில் உட்கார்ந்து
ஷூவுக்குள் ஈரமான பேப்பரைத் திணித்தாள்,
இறுக்கி, இன்னும் இறுக்கி.
கூட்ஸ் நகர்ந்தது.
பெட்டி பெட்டியாகப் போய் முடியும்வரை
மோட்டார் சத்தம் கேட்கவே இல்லை.

முடிந்ததும் அவள்தான் சொன்னாள்:
"மாறிச்சு பாரு."
"எது?"
"சத்தம். இப்ப கரகரன்னு இல்ல."
நான் காதை வைத்துக் கேட்டேன்.
எனக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தது.
அப்புறம் கேட்டது,
ஒரே நூலாக, கொஞ்சம் உயரத்தில்.

"எவ்ளோ?"
வேகத்தைக் கேட்கிறாள் என்று நம்பப் பார்த்தேன்.
"நானூத்தி எம்பது."
அவள் ஷூவைத் தூக்கி
மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தாள்.
விளக்கை அணைத்தாள்.
ஞாயிற்றுக்கிழமை எந்த மைதானம் என்று
இருட்டில் நான் சொல்ல நினைத்ததை
நாளைக்கு ஒத்திவைத்தேன்.

காலையில் டீ வந்தது.
நல்ல சூடு, இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.
பாதி குடிக்கும்வரை எதிரில் நின்று
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதே கிளாஸ்தான்" என்றாள்,
"மூணு வாட்டி கழுவுனேன்."