கோரிப்பாளையம்

கீழமாசி வீதிக் கயிற்றுக்கடையில்
"மாட்டுக்கா, கிணத்துக்கா?" என்றார்.
சோணைராஜ் என்னைப் பார்த்தான்.
நான் தொங்கும் வாளிகளைப் பார்த்தேன்.
"ஊஞ்சலுக்கு."
"சணலு தம்பி, ஆறு மில்லி. ஆளைத் தாங்காது."
"சின்ன ஊஞ்சல்ணே."
எட்டெட்டு மீட்டராய் மூன்று துண்டு.

ஜப்பான்காரன் வைத்த பேர் ஷிபாரி.
லாரி ஷெட்டில் வளர்ந்த நாக்கில் அது
இரண்டே நாளில் சவாரி ஆகிவிட்டது.
"இன்னைக்குச் சவாரி உண்டா?"
என் அம்மா எதிரிலேயே கேட்பான்,
பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு.

பிசிறைக் கேஸ் அடுப்பில் காட்டிப் பொசுக்கினோம்.
மாடிப்படியிலிருந்து ஹவுஸ் ஓனரம்மா,
"என்ன கருகுது?"
அப்பளம் என்றேன்.
இரண்டு அப்பளம் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று.

மாட்டுத்தாவணியில் அவன் லோடு கட்டுகிறவன்.
வெங்காய மூட்டை, பிளைவுட்,
ஒருமுறை பிரித்துப்போட்ட கல்யாண மேடை முழுசாக.
அவன் கட்டினால் திருச்சி தாண்டியும் அசையாது.
என் மணிக்கட்டையும் முதல்நாள் அப்படித்தான்:
சுற்றிப் போட்டு ஒரே இழுப்பு.
"டேய், நான் என்ன வெங்காயமா?"

இழுத்தால் இறுகுவது சரக்குக்கு.
இழுத்தாலும் இறுகாதது ஆளுக்கு.
பதினைந்து வருஷக் கை அதைப் படிக்க
நாற்காலிக் காலில் ஒரு வாரம்,
தன் முழங்காலில் ஒரு வாரம்.
அப்புறம்தான் நான்.
கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போகணும்,
என் விரல் இல்லை, உன் தடி விரல்.

எலும்பு வார்டில் நர்ஸ் நான்.
மாவுக்கட்டு இறுகி, விரல் நீலம் பாரித்து
வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள்.
அவன் புஜத்தில் பேனாவால் கோடு போட்டேன்:
நரம்பு இங்கே மேலாக ஓடுது,
இதை அழுத்தினால் மணிக்கட்டு தொங்கிப்போகும்.
கழுத்து?
கழுத்துப் பக்கமே வராதே.
நிமிர்ந்து உத்தரத்துக் கொக்கியைப் பார்த்தான்.
அதையும் பார்க்காதே.

நிறுத்த ஒரு சொல் வேண்டியிருந்தது.
'வேண்டாம்' எடுபடாது,
அதை நாங்கள் வேறு காரியத்துக்குச் செலவழித்துவிட்டோம்.
"கோரிப்பாளையம்" என்றான்.
"அங்க வந்தா எவனா இருந்தாலும் நின்னுதான ஆகணும்."

வியாழக்கிழமை எனக்கு ட்யூட்டி இல்லை.
கயிறு அவன் உள்ளங்கையைக் கடந்து
என் முதுகுக்கு வரும் சத்தம்
அரிசி களைவதுபோல இருந்தது.
சுற்றுக்கு ஒரு படுக்கை எண் தலையிலிருந்து இறங்கிற்று.
பன்னிரண்டாம் படுக்கை, ஒன்பதாம் படுக்கை,
கடைசியில் வார்டே காலி.

அப்போது கட்டைவிரல் மதமதத்தது.
சொல்லவில்லை.
அத்தனை அழகாக அவன் கட்டியது அன்றைக்குத்தான்.
இன்னும் ஒரு நிமிஷம் என்று நினைத்தேன்.
"பரவாயில்ல சிஸ்டர்" என்று பல்லைக் கடிக்கும் நோயாளிகளை
எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்.

கரண்ட் போயிற்று.
இருட்டில் கேட்டான்: "கை எப்படியிருக்கு?"
"ம்."
"ம்முன்னா என்ன? கட்டைவிரலைத் தூக்கு."
தூக்கினேனா இல்லையா, எனக்கே தெரியவில்லை.
"கோரிப்பாளையம்."

அவிழ்க்கப் பார்க்கவில்லை அவன்.
முனை மழுங்கிய என் வார்டுக் கத்தரி
எப்போதும் தலையணைக்கு இடப்பக்கம்.
ஒரே எட்டில் கிடைத்தது.
நறுக், நறுக்.
பொசுக்கி, எண்ணெய் தடவி, பதினைந்து நாள் பழக்கிய கயிறு
கட்டிலில் துண்டு துண்டாக விழுந்தது.

மணிக்கட்டை மேலே. கீழே. மறுபடி மேலே.
விரல் திரும்பி வர நாலு நிமிஷம்.
கரண்ட் வர அதற்கும் மேல்.
வெளிச்சத்தில் பார்த்தால் நடுங்கியது அவன் கைதான்.
போர்வையை எனக்குப் போர்த்தி
தண்ணீர்ச் செம்பை நீட்டினான், பாதி சிந்தி.
"ஏன்டி முன்னயே சொல்லல?"
பதில் இல்லை என்னிடம்.
அழுகை வந்தது, வலியினால் இல்லை.
அவனும் வேறெதுவும் கேட்கவில்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவிடும்போது
கோரிப்பாளையத்தில் சிவப்பு.
பஸ், ஆட்டோ, ஷேர் ஆட்டோ, ஒரு கரும்பு லாரி
(லோடு சரியாகக் கட்டவில்லை என்றான்).
தொண்ணூறு விநாடி.
இடக்கையைப் பின்னால் நீட்டி
என் கட்டைவிரலை அழுத்தினான்.
தூக்கிக் காட்டினேன்,
கண்ணாடியில் தெரியும்படி.