என் முறை

கிளைபேடா துறைமுகம், எடைமேடை அறை.
ஒரே ஒரு பழைய கணினி,
நான்கு ஷிப்டுக்கு நான்கு அரசர்கள்.
அவரவர் முறையை ஆடிச் சேமித்துவிட்டு
நாற்காலியை அடுத்தவருக்கு விடவேண்டும்.
இரவு என்னுடையது.
காலை ஸ்கிர்மாந்தஸுக்கு.
அவனை நான் பார்ப்பது நாளுக்கு நாலு நிமிஷம்.
அவன் கோட்டைக் கழற்றுவான்,
நான் மாட்டிக்கொள்வேன்.

பதினான்கு மாதம்,
இருநூற்றுப் பதினோரு முறை.
என் கொடிக்குக் கீழே ஆட்டம் எழுதி வைத்திருந்தது:
சொல் தவறாதவர்.
அந்த இரண்டு வார்த்தைக்காக
உப்பைக் கடனுக்குத் தந்தார்கள்,
என் குதிரைப்படையைத் தங்கள் கோதுமை வழியே போகவிட்டார்கள்.
கணினி ஆளும் குட்டி நாடுகள்கூட
எனக்கென்றால் வரியைப் பாதியாக்கின.
மாலை ஷிப்டு தாங்குவோலே
ஒருமுறை சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள்:
"உன் பக்கத்து எல்லையில்தான் நான் தூங்குவது."

விதிப்புத்தகத்தில் கடைசிக்கு முந்தின பக்கம்.
ஒப்பந்தம் முறித்தவன் பெயர் கெடுவது
முறிபட்டவன் நாலு பேரிடம் போய்ச் சொல்வதால்.
சொல்ல ஆளே மிஞ்சாவிட்டால்
அது நடக்கவே இல்லை.

அந்த வரியோடு ஒரு வாரம் வீட்டுக்குப் போய் வந்தேன்.

ஸ்கிர்மாந்தஸுக்கு ஏழு நகரம்.
என்னை நம்பி மதிலில் ஆள் வைக்காமல்
அந்தக் காசுக்கு நூலகம் கட்டியிருந்தான்.
ஏழுக்கு ஏழு உப்புக் கப்பல்,
உப்புக்கடியில் ஈட்டி.
பூச்சூடி முரசறைந்து புறப்படுகிற காரியமில்லை இது.
மௌஸ் சத்தம்தான் கேட்கும்.

பிப்ரவரி, மூடுபனி.
உர லாரிகள் வாசலில் வரிசையாய் உறுமிக்கொண்டிருக்க
முதல் நகரம் விழுந்தது, இரண்டாவது, மூன்றாவது.
ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.
எழுந்துபோய் எடை பார்த்தேன்.
நாற்பது டன், அறுநூறு கிலோ.
சீட்டில் கையெழுத்திட்டேன்.
அவர் படித்துக்கூடப் பார்க்காமல் மடித்துக்கொண்டார்.
இந்த ஊரில் என் கையெழுத்தை
யாரும் திருப்பி நிறுத்துப் பார்ப்பதில்லை.
திரும்பி வந்து
மிச்சம் நாலையும் எடுத்தேன்.

ஏழு.
ஆட்டம் ஒரு கணம் யோசித்தது.
பிறகு கொடிக்குக் கீழே எழுத்து மாறியது:
நம்பத் தகாதவர்.

எப்படி? எங்கே?
வரைபடத்தை விரலால் துழாவினேன்.
வடமேற்கில், நான் ஒருநாளும் கப்பல் அனுப்பாத இருட்டில்
ஒற்றைப் பாறை, ஒரு மீன்படகு,
மூன்று முறைக்கு முன்னால் அவன் தொடங்கிய குடியிருப்பு.
பெயர் வைத்திருந்தான் அதற்கு:
நாலு நிமிஷம்.

ஆறு மணிக்கு வந்தான்.
கோட்டைக் கழற்றினான்,
நான் மாட்டிக்கொண்டேன்.
பித்தான் துளையில் விரல் நிற்கவில்லை.
"பாலத்தில் பனி வழுக்குகிறது" என்றான்,
"ஓரமாய்ப் போ."
அவன் இன்னும் திரையைப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் இரவு
குட்டி நாடுகளின் தூதர்கள் ஒரே வாசகத்தோடு கதவடைத்தார்கள்:
உங்கள் வாக்கின் விலை எங்களுக்குத் தெரியும்.
கஸ்துதிஸ் உப்பு விற்கமாட்டான்.
தாங்குவோலேயின் சீட்டு இருந்த இடத்தில்
பசை மட்டும்.
ஒரே ஒரு வியாபாரக் கடிதம் வந்திருந்தது,
பாறையிலிருந்து.

மீன் இருக்கிறது. குதிரை ஒன்று கிடைக்குமா?

கேலியா, மன்னிப்பா, தூண்டிலா?
மூன்றுக்கும் ஒரே எழுத்துருதான் இந்த ஆட்டத்தில்.
நேரில் கேட்கலாம்,
நாலு நிமிஷம் இருக்கிறது.
கேட்கவில்லை.

எதற்கும் இருக்கட்டுமென்று
நூலகங்களை விற்றேன்.
ஏழு நகரத்து மதிலிலும் இரவுக்காவல் ஏற்றினேன்,
ஒரு மீன்படகைப் பார்த்தபடி.