ஆளுக்கு இரண்டு

லோகேந்திரன், நான்கு வரி கேட்டீர்கள்
பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு,
படத்தோடு, வெள்ளிக்கிழமைக்குள்.
மூன்று நாளாக எழுதுகிறேன்.
'பண்டைய யூத வரலாற்று அறிஞர்' என்று தொடங்கினால்
பகாவ் பசார் முழுக்க ஒரே கேள்விதான் வரும்:
ஜெருசலேம் பார்த்தீங்களா?

பார்க்கவில்லை.
என் கடப்பிதழில் அச்சடித்திருந்தது,
இஸ்ரேல் தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று.
நாற்பது ஆண்டு அந்த மக்களின் கணக்கைப் படித்தேன்,
அவர்கள் வாசலை மிதிக்காமல்.
அடுத்த கேள்வி மயில்.
தோகைதானே டாக்டர் எபிரேயத்துக்குப் போனது?
போயிருக்கலாம். அதே கப்பலில் குரங்கும் போனது.
நான் துறைமுகத்தில் வேலை பார்க்கவில்லை.

என் இடம் நைல் நடுவே ஒரு தீவு, பெயர் யேப்.
பாரசீகனுக்குக் காவல் நின்ற யூதப் படையாட்கள்,
மாதப் படியாகப் பார்லி, கொஞ்சம் வெள்ளி,
ஒட்டி ஒட்டி வீடுகள்,
அண்டைச் சுவரில் உத்திரம் ஏற்றலாமா என்று வழக்கு.
ஒருத்தி தன் பெயரில் வீடு எழுதி வாங்குகிறாள்,
கீழே சாட்சிகள் வரிசையாய்.
அரமேயத்தில் நான் தடுக்கி விழாமல் படித்த முதல் ஓலை அது.
எல்லாம் எங்கள் லயம் போலவே இருந்தது,
வீடு அவளுடையது என்பதைத் தவிர.

பெர்லினில், கண்ணாடிக்கு அடியில், ஒரு பட்டியல்.
யாஹோவின் கோயிலுக்குக் கொடுத்தவர்கள்:
இன்னார் மகள் இன்னாள், வெள்ளி இரண்டு.
இன்னார் மகன் இன்னான், வெள்ளி இரண்டு.
(அந்தச் சொல்லை மொழிபெயர்க்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை.)
கடைசியில் எழுத்தன் கூட்டுகிறான்.
கூட்டியதை உடனே பிரிக்கிறான்:
யாஹோவுக்கு இவ்வளவு,
எஷெம்பெத்தேலுக்கு இவ்வளவு,
அனாத்பெத்தேலுக்கு, கிட்டத்தட்ட யாஹோவுக்குப் போன அளவு.

இதை வைத்து மூன்று நாள் கருத்தரங்கு.
கலப்படம் என்றார் ஒருவர்.
எழுத்தனின் பிழை என்றார் இன்னொருவர்,
இரண்டாயிரத்து நானூறு ஆண்டு கழித்து அவனைத் திருத்தி.
நான் கை தூக்கவில்லை.
எனக்கு எங்கள் கிராணி ஞாபகம்.

சம்பளத்தன்று ஆளுக்கு இரண்டு வெள்ளி பிடித்தம்,
புத்தகத்தில் 'மாரியம்மன் திருவிழா' என்று மட்டும்.
அதில்தான் முனியாண்டிக்குச் சுருட்டு.
அதில்தான் பால்மரக் காட்டோரம் டத்தோவுக்கு
மஞ்சள் துணி, வெற்றிலை.
அப்பாவிடம் கேட்டேன், எட்டு வயதில்.
"பக்கத்துல இருக்காங்க, குடுக்காம எப்படி" என்றார்,
மங்கு கழுவிக்கொண்டே.

இதை அடிக்குறிப்பாக எழுதினேன், ஏழு வரி.
பதிப்பாசிரியர் பென்சிலால் கோடு போட்டார்: பொருந்தாது.
நூல் வந்தபோது 112க்கு அடுத்தது 114.
பாராட்டி வந்த பதினொரு மதிப்புரைகளில்
ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.
என் பணி வாழ்க்கை என்று நீங்கள் கேட்பது
எனக்கு அந்த 113தான்.

இப்போது இங்கே வீடமைப்புத் திட்டம் வருகிறது,
அம்மன் இடம் மாற வேண்டுமாம்.
யேப்பிலும் கோயிலை இடித்தார்கள்.
அவர்கள் எண்ணெய் பூசாமல், மது தொடாமல்
மூன்று ஆண்டு மனு எழுதினார்கள்.
பதில் ஒரு துண்டுச் சீட்டு: கட்டலாம்.
ஆனால் படையலும் தூபமும் மட்டும்;
எரிபலி பற்றிச் சீட்டில் பேச்சே இல்லை.
ஆளுநருக்குப் போன மனு எங்கும் கிடைக்கவில்லை.
அவர்கள் வீட்டில் வைத்திருந்த நகல்தான் கிடைத்தது.

ஆகவே மலருக்கு:
சின்னப்பன் மகள் வீராயி.
நாலாம் டிவிஷன்.
கணக்குப் படித்தவர்.
கோயில் நிதிக்கு வெள்ளி இரண்டு, இத்துடன்.

படம் வேண்டாம்.
மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தீர்களே, அந்த மனு,
நகல் எடுத்தீர்களா?