திறப்பு

வெள்ளி பின்னேரம் நாலரைக்கு
கோட்டை ஒபிசின் பதினோராம் மாடியில் கேக் வெட்டினார்கள்.
சிங்கப்பூரிலிருந்து திரையில் வந்தவர் கைதட்டினார்:
இன்றிலிருந்து இது எல்லோருக்கும் சொந்தம்.
கண்ணாடிக்குக் கீழே துறைமுகம்
மழைக்குள் கிரேன்களை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.
திங்கள் காலை எங்கள் ஐந்து பேருக்கும்
வேலை இல்லை.

லொறிகள் எந்நேரம் வந்தால்
வாசலில் எவ்வளவு நேரம் காயும் என்று
கணக்குச் சொல்கிற நிரல் அது.
நாலு வருடம் எழுதினோம்.
திறந்த மூலம் என்று நான் விளக்க
வெள்ளவத்தையில் மச்சாள் விழுந்து சிரித்தாள்:
"மூலம் எண்டா அது வேற வருத்தமெல்லோ!"

எங்கள் பேச்சில் சாவிக்குப் பெயர் திறப்பு.
திறப்பு விழா முடிந்தது.
திறப்பு அவர்களிடம்.

கிராண்ட்பாஸ் ருசைக்,
மூன்று லொறிக்காரருக்குக் கணக்கெழுதுபவர்,
இரவிரவாய்த் தானே படித்துத் தேறியவர்,
அதை இறக்கி ஓட்டிப் பார்த்தார்.
ஓடவில்லை.
வட்டிலப்பம் எங்கே என்று கேட்டது.

வட்டிலப்பம் எங்கள் சேர்வரின் பெயர்
(பக்கத்தில் இருந்தது தொதல்).
அந்த வெள்ளி ஆறு மணிக்கே வயரைப் பிடுங்கி
பிளாஸ்டிக் சுற்றி
ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.
எண்பதாயிரம் வரியும் இன்னும்
செத்தவனின் பெயரைச் சொல்லி
வாசலில் நின்று கூப்பிடுகின்றன.

நானூறு பேர் வந்து
ஆளுக்கொரு நட்சத்திரம் குத்திவிட்டுப் போனார்கள்.
ருசைக் மட்டும் வட்டிலப்பத்தைக் கழற்றி எறிந்து,
ஓட வைத்து,
ஒரு பிழையையும் திருத்தி அனுப்பினார்:
போயா நாளில் கணக்கு ஒரு மணித்தியாலம் பிந்துகிறது.
சரியான திருத்தம்.
எனக்குத் தெரியும், அந்தப் பிழை என்னுடையது.
ஆனால் சரி என்று சொல்லும் உரிமையை
கேக் தட்டுக் கழுவ முன்னமே என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.
இப்போது அந்த உரிமை
சட்டப்பிரிவின் ஒரு முகவரிக்கு.
அதை யார் திறந்து பார்ப்பதென்று
சட்டப்பிரிவுக்கும் தெரியாது.
ஏழு மாதம்.

"நகலெடுத்து நீங்களே நடத்தலாமே" என்றேன்
கொட்டாஞ்சேனையில், பிளேன் டீ ஆறிக்கொண்டிருக்க.
"நடத்தலாம் மிஸ்.
ஆளில்லாத ஊட்டுக்கு நான் சுண்ணாம்பு அடிச்சா
என்ன காவல்காரன்னுதான் நெனப்பாங்க."

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு.
இரண்டாம் வருடம்
திருகோணமலையிலிருந்து ஒருத்தி எழுதினாள்.
இதே கேள்விகள், இதைவிட நல்லவை.
வெளியாருக்குப் பதில் போடக்கூடாதென்று உத்தரவு.
நானும் போடவில்லை.
அப்போது உள்ளே ஐந்து பேர் இருந்தோம்,
விளக்கு எரிந்தது,
வட்டிலப்பம் இரவு முழுக்க முனகிக்கொண்டிருந்தது.
அவள் பெயர்கூட ஞாபகமில்லை.

ருசைக் ஒரு தாளை நீட்டினார்,
ஓர் இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
"இது ஏன் முப்பத்தேழு?"

பிரியங்கிகா.
இங்குருகடே சந்தியில் மூன்று நாள்
குடை பிடித்து நின்று லொறிகளை எண்ணியவள்.
லிஃப்டில் சொன்னாள்.
ஏழாம் மாடிக்கும் பதினோராம் மாடிக்கும் நடுவில்
முப்பத்தேழு என்று முடிவாயிற்று.
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
இப்போது அவள் மெல்பனில்.

லொறிப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில்
ருசைக் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்,
குடையையும் விடாமல்.

"சரி. இது ஏன் நாலு?"

குனிந்து பார்த்தேன்.
வரிக்குப் பக்கத்தில் என் பெயர்தான், என் திகதிதான்.
அந்தச் செவ்வாய் என்ன நினைத்தேனோ.

"தெரியாது" என்றேன்.
அதையும் எழுதினார்.