ஐந்தாம் ஊசி

தலவாக்கலை. மழை. கடைக்கதவு பாதி.
சேகா கொன்ட்ரோலரின் வயிற்றைத் திறந்தேன்.
அதற்கு ஐந்தாம் ஊசியில் கரண்ட்,
ரிஃப்கானின் கொமடோர் கம்பியூட்டருக்கு ஏழில்.
மாற்றாமல் செருகினால் சிப் கருகும்.
போன மாதம் கருக்கியவன் நான்தான்.
கண்டி, கொழும்பெல்லாம் தேடினான் புதுச் சிப்புக்கு,
கூடவே நானும் தேடினேன்.
குருநாகலில் கிடைத்தது.

ஈயம் உருகிக் குண்டுமணியாய் நின்றது.
கசெட் ஓடியது, எட்டு நிமிடம்.
ஆறாவதில் ஃபெக்டரிக் காற்றாடிகளைப் போட்டார்கள்;
திரை சுருங்கியது,
அணையவில்லை.

குட்டி மனிதன் வந்து நின்றான்.
இடதை அழுத்தினேன்,
வலது பக்கம் ஓடிக் குழியில் விழுந்தான்.
மூன்றும் நாலும் மாறிப்போச்சு.

"கழட்டவா?"

ரிஃப்கான் வாங்கிக்கொண்டான்.
இடதை அழுத்தி அழுத்தி வலதுக்குப் போய்
மூன்று குழி தாண்டியபின்,
திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்,
"அந்தச் சிப்பு
நீதானே" என்றான்.