செல்லாத வாக்கு

லியனகே ஐயா இம்முறை கேட்கவில்லை என்றதும்
பதினொரு வருடம் அசையாத நாற்காலி
திடீரென்று வெறும் தளபாடமாயிற்று.
யாரும் உட்காரலாம் என்பது
சங்க மண்டபத்தில் எல்லோர் முதுகிலும் தெரிந்தது.

திருகோணமலைச் சட்டத்தரணிகள் சங்கம்,
தலைவர் பதவி, இருவர்.
யோகசங்கரி காணி வழக்குகளின் ஆள்,
உறுதியை முகர்ந்தே
எந்த வருடத்துக் கள்ள உறுதி என்று சொல்லுவா.
இல்ஹாம் சத்தார் பிணை எடுப்பதில் விண்ணன்,
வெள்ளி பகலில் தவணை போட்டால் மட்டும் கோபிப்பார்.

நான் மொழிபெயர்ப்பாளர்.
முதலியார் என்று கூப்பிடுவார்கள், பெண்ணென்றாலும்.
பழைய பதவி, பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை.
இருபத்திரண்டு வருடமாக
வெட்டியவனுக்கு "நான் வெட்டினேன்" என்றும்
பறிகொடுத்தவளுக்கு "நான் பறிகொடுத்தேன்" என்றும்
தன்மை ஒருமையில் சொல்லி வருகிறேன்.
எனக்கு இங்கே வாக்கில்லை.
வாக்குத்தான் தொழில்.

மூன்று கிழமை உப்புவெளியில் பட்டீஸும் பேச்சும்.
நூலகத்துக்கு ஏசி, வாகனங்களுக்குக் கூரை.
இல்ஹாமின் துண்டுப் பிரசுரத்தை
நீதிமன்ற வாசலில் ஒரு புள்ளிமான்
படத்திலிருந்து தொடங்கித் தின்றது.
யோகசங்கரியின் ஆட்கள் போனில் பிடித்து
ஊரெல்லாம் அனுப்பினார்கள்.
அடுத்த நாள் அவவின் பிரசுரத்தையும் அதே மான்.
பிறகு ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

கூட்டத்தில் இரண்டு பேரும் சுதந்திரம் என்றார்கள்,
நீதித்துறையின் சுதந்திரம்.
சிங்களத்தில் 'ஸ்வாதீன' என்று சொன்னேன்.
அதே சொல் தமிழுக்குத் திரும்பி வந்தால்
சுவாதீனம், கைவசம்.
இது யாருக்கும் தேவைப்படவில்லை.
கை தட்டினார்கள், இரண்டு மொழியிலும்.

தேர்தல் நாள் பகலோடு
எல்லா வழக்குக்கும் அடுத்த தவணை.
புல்மோட்டைச் சித்தி நயீமாவுக்கு
ஐப்பசி பதினாலு.
அவள் எழும்பவில்லை.
பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு
வராந்தா வாங்கிலேயே இருந்தாள்,
பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்காம்.

எண்ணினார்கள்.
முப்பத்தெட்டு, முப்பத்தேழு, பிறகு ஒரு சீட்டு.
அதில் புள்ளடி இல்லை.
ஓய்வுபெற்ற பதிவாளர் ரத்நாயக்க
தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு
என்னிடம் நீட்டினார்: "என்ன எழுதியிருக்கு முதலியார்?"

"என் கட்சிக்காரி இன்னும் வராந்தாவில் இருக்கிறாள்."

"எந்தக் கட்சி?" என்று பின்வரிசையில் ஒரு சிரிப்பு.
நான் சிங்களத்தில் சொன்னேன், வழக்கம்போல்
தன்மை ஒருமையில்.
சொல்லி முடிக்கும்வரை
அவள் என் கட்சிக்காரியாக இருந்தாள்.
பிறகு அவர் சிவப்புப் பேனையால்
மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார்.
செல்லாது.

அந்த 'ள'வின் சுழி எனக்குத் தெரியும்.
நூறு சத்தியக்கடதாசியில் பார்த்த சுழி.
யாருடையது என்று அவர் கேட்கவில்லை.
கேட்காததற்குப் பதில் சொல்ல
முதலியாருக்கு அதிகாரமில்லை.

இல்ஹாமுக்கு மாலை போட்டார்கள்.
லியனகே ஐயா தன் குஷனைக்
கக்கத்தில் வைத்துக்கொண்டு கை குலுக்கினார்.

வெளியே யோகசங்கரி
கறுத்தக் கோட்டைக் கழற்றி மடியில் போட்டபடி
நயீமாவுக்குப் பக்கத்தில் இருந்து
உறுதியை முகர்ந்துகொண்டிருந்தா.
"ஆரு மிஸ் வெண்டது?" என்றாள் நயீமா என்னிடம்.
சொன்னேன்.
"நம்மட ஆளா?"

நம்மட.
எத்தனையோ சாட்சியில் யோசிக்காமல்
'அபே' என்று சொல்லிவிட்டுக் கடந்த சொல்.
யோகசங்கரி நிமிர்ந்து பார்க்கவில்லை.
புல்மோட்டை பஸ்காரன்
இரண்டாந்தரமும் ஹோர்ன் அடித்தான்.