உறை

இடைவேளை விசில் ஊதியதும்
ஊர் மொத்தமும் எழுந்து கழிப்பறைக்குப் போகும்.
கூடைப்பந்தில் யார் முன்னால் என்று எனக்குத் தெரியாது.
பத்துப் பதினைந்து நிமிடத்தில்
நுழைவுக் கால்வாயில் நீர் ஒரு சாண் ஏறும்.
ஏறவில்லை என்றால் ஆட்டம் இழுபறி,
யாரும் நாற்காலியை விடவில்லை.

லிதுவேனியாவின் வடகிழக்கு மூலை.
பதினான்காயிரம் பேர், இரண்டு தேவாலயம்,
ஒரு பாலாடைக்கட்டி ஆலை,
எல்லாக் குழாய்களின் கடைசியிலும் நான்.

முதலில் கம்பிச் சல்லடை.
ஈரத்துணிகள், பஞ்சுக்குச்சிகள்,
ஒருமுறை ஒரு பல்செட், மேல்வரிசை மட்டும்.
கழுவி ஜன்னலில் வைத்திருந்தேன்,
யாரும் கேட்டு வரவில்லை.
அடுத்தது மணல் தொட்டி.
தண்ணீரைக் கொஞ்சம் மெல்ல நடக்கவிட்டால் போதும்,
மணலும் முட்டையோடும்
தாமாகவே உட்கார்ந்துவிடும்.
அதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை,
காற்று ஊதுவதைத் தவிர.

மூன்றாம் தொட்டியில்தான் வேலைக்காரர்கள்.
மூக்கைப் பொத்திக்கொண்டு வரும் பள்ளிப்பிள்ளைகள்
குனிந்து முகர்ந்து ஏமாந்துபோவார்கள்:
உருளைக்கிழங்கு தோண்டிய வயலின் வாசம்.
ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால்
காம்பில் நிற்கும் மணிகள்,
வாயோரத்து மயிரைச் சுழற்றிச் சுழற்றி
நம் மிச்சத்தை இழுத்துத் தின்னும்.
கண்ணாடியைத் தட்டினால்
காம்பு வெடுக்கென்று சுருளும்.
இவர்களுக்குக் கூலி, மூச்சு மட்டும்.

ஜனவரியில் ஓர் இரவு, மைனஸ் பத்தொன்பது,
பிராணவாயு மீட்டர்
இரண்டிலிருந்து ஒன்று, அரை, பூஜ்யம்.
மூன்று காற்றூதிகளும் அலறின.
ஊதிய காற்று போன இடம் தெரியவில்லை.
பழுப்பு சாம்பலாகி, விடியும்போது கறுப்பு.
புளித்த நாற்றம்.
நுண்ணோக்கியில் வெறும் காம்புகள்.

ஆலைக்குப் போன் போட்டேன்.
இல்லை என்றார் அல்கிமாண்டாஸ்.
பிறகு, கொஞ்சம் என்றார்.
பனியில் லாரி வரவில்லையாம்,
கட்டி பிழிந்த தெளிநீர் வழிய ஆரம்பித்துவிட்டதாம்,
நாற்பதாயிரம் லிட்டர் கொஞ்சம்.
"பால்தானே டாங்குவோலே, விஷமா என்ன?"

விஷமென்றால் மறுத்திருப்பார்கள்.
இது விருந்து.
ஒரே இரவில் எல்லாவற்றையும் தின்னப் பார்த்து
மூச்சுக்கு வழியில்லாமல் செத்தார்கள்.

இரண்டு நாள் ஆறு சாம்பலாகப் போயிற்று.
வளைவில் பனிக்கட்டியைத் துளைத்து
மீனுக்கு உட்கார்ந்திருந்தவர்
துளையை முகர்ந்துவிட்டு
முக்காலியை மடக்கிக்கொண்டு போனார்.
அதையும் பதிவேட்டில் எழுதினேன்.

அறுபது கிலோமீட்டர் தள்ளி ஜெனோனாஸ்.
எங்களுக்கு வரவேண்டிய மானியத்தில்
புதுக் காற்றூதி வாங்கிய ஊர்க்காரர்.
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
தயிர் தீர்ந்துபோன வீடு
பக்கத்து வாசலில் கிண்ணத்தோடு நிற்குமே, அப்படி நின்றேன் போனில்:
உங்கள் தொட்டியிலிருந்து கொஞ்சம் உறை வேண்டும்.

அங்கே நீண்ட மௌனம்.
"எத்தனை டாங்கர்?"

நண்பகலில் வந்தது.
குழாய் உறையாமலிருக்கப் பழைய கம்பளி சுற்றி
அவரே ஓட்டிவந்திருந்தார்.
வால்வைத் திறந்ததும் ஆவி பறக்க
பழுப்பு, தடித்த, உயிருள்ள சேறு.
இருவரும் குனிந்து முகர்ந்தோம்.
மானியம் பற்றி யாரும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு மணி.
ஒன்றே ஒன்று, காம்பில்.
அது எங்கள் ஊருடையதா அவர் ஊருடையதா,
பிரிக்க வழியில்லை.
கண்ணாடியைத் தட்டவில்லை நான்.

அபராதச் சீட்டு என் பெயருக்கு வந்தது.
அல்கிமாண்டாஸிடமிருந்து ஒரு முழு வட்டப் பாலாடைக்கட்டி.
கோபத்தோடுதான் வெட்டினேன்.
நன்றாகவே இருந்தது, சீரகம் போட்டது.
நாளைக்குள் மூன்றாம் தொட்டிக்கு வந்துவிடும்,
அளவாக.